லீவுக்கு எங்கேயும் போகவில்லை



ஓகஸ்ட் லீவு விட்டு இரண்டாம் நாளே மகள் கேட்டுவிட்டாள். "எல்லாரும் நுவரெலியா போறாங்க. நாம மருதமுனையிலேயே இரிக்கிறதா? இஞ்ச என்னதான் இரிக்கி?"

நாங்கள் இருவருமே ஆசிரியர்கள். வேன் கூலி, றூம் வாடகை எல்லாம் ஒரு கடதாசியில் கூட்டிப் பார்த்தோம். பிறகு அந்தக் கடதாசியை மடித்து வைத்துவிட்டோம். ஆனாலும் ஏழாம் தரப் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் நெருக்கமாக வீடுகள், இஷாவுக்குப் பிறகு சத்தமில்லாத ஒழுங்கைகள். இதுதான் எங்கள் ஊர். ஒரு கிழமை இதையே சுற்றிப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம்.

முதலில் தறி பார்க்கப் போனோம். மருதமுனைச் சாரன், மருதமுனைச் சாரி என்று வெளியூரில் பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். எங்கள் பிள்ளைகளோ தறியைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. நாங்கள் சிறுவயதில் அந்தச் சத்தம் கேட்காமல் ஒழுங்கையால் நடந்ததே கிடையாது. சொந்தக்கார மாமா ஒருவர் மகனைத் தறியில் உட்கார வைத்தார். அவன் மிதித்த மிதியில் பாவு நூல் அறுந்தது. மாமா ஏசவில்லை, கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிட்டார். "நூல் விக்கிற விலைக்கு இத இனி யாரு செய்யப் போறா? என்ட மகன் கட்டார்ல" என்றார்.

ஒரு நாள் நூலகம். ஒரு நாள் ஓட்டோவில் கிட்டங்கிப் பக்கம். மாரி மழைக்கு வெள்ளம் வீதிக்கு மேலால் பாய்கிற அதே இடத்தில் இப்போது கச்சான் காற்று முகத்தைச் சுட்டது.

பிறகுதான் கரைவலை.

இதைச் சொல்வதற்கு முன் எங்கள் உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 வரை உம்மாவின் வீடு கடற்கரைப் பக்கம்தான் இருந்தது. அன்று வீடும் போனது, உம்மாவின் தங்கச்சியும் இரண்டு பிள்ளைகளும் போனார்கள். அதன்பிறகு உம்மா கடலுக்குப் போனதே இல்லை. சாச்சியின் பேரை வீட்டில் எடுத்ததும் இல்லை. நாங்கள் படிப்பிக்கிற பிள்ளைகளுக்கு சுனாமி ஒரு பாடம். உம்மாவுக்கு அப்படியில்லை.

சுபஹுக்குப் பிறகு உம்மாவிடம் சொல்லாமல்தான் போனோம். வலை பாதிக்கு மேல் கரைக்கு வந்திருந்தது. மகள் கயிற்றில் கை வைத்ததும் நாங்கள் தடுக்கப் போனோம். "புள்ள இழுக்கட்டும் டீச்சர்" என்றார் ஒரு வயதாளி. மடி கரைக்கு வந்தபோது அவள் உள்ளங்கை சிவந்திருந்தது. ஷொப்பிங் பையில் கொஞ்சம் கீரி மீன் போட்டுத் தந்தார்கள், காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உம்மா பிள்ளைகளின் ஈரக் காலைப் பார்த்தா. ஏச்சு விழும் என்று நின்றோம். மீனை வாங்கிக்கொண்டு ஆயக் குந்தினா. கொஞ்ச நேரம் கழித்து மகளிடம் கேட்டா, "வல எத்தின பேர் இழுத்தாங்க?" அவள் சொல்லச் சொல்ல, உம்மாவும் சொல்லத் தொடங்கினா. அவட வாப்பாவுக்கு வலையில் பங்கு இருந்ததாம். விடியக்காலையில் உம்மாவும் தங்கச்சியும் கடகத்தோடு ஓடுவார்களாம், கடகத்தை யார் தூக்குவது என்று சண்டையாம். சாச்சியின் பேரை உம்மாவின் வாயால் எங்கள் பிள்ளைகள் கேட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு உம்மா எங்களோடு கடைசி ஒழுங்கை வரைக்கும் வந்தா. தெரிந்த வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, "இஞ்ச இருந்தே பாக்கன்" என்றா. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நாலைந்து மோட்டார் சைக்கிள்கள் ஹோன் அடித்துக்கொண்டு ரேஸ் ஓடின. உம்மா திடுக்கிட்டு எழும்பிவிட்டா. திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டா.

தம்பிமாரே, யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் மட்டும் கொஞ்சம் மெதுவாக ஓடுங்கள். அந்த நேரத்தில்தான் பெண்களும் வயதானவர்களும் கொஞ்சம் வெளியில் வருகிறார்கள். சோடாப் போத்தலையும் சோற்றுப் பார்சல் கடதாசியையும் மணலில் விட்டுப் போகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு திரும்பவும் போகிறோம். "போரடிக்குது" என்று சொல்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். பாய் ஒன்றும் தேத்தண்ணியும் கொண்டுவந்தால் போதும்.

உம்மா வருவாவா தெரியாது. பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறா.