நீலகிரி மந்தில் ஒரு பகல்

கென்யா நாட்டிற்குச் சென்று திரும்பும் நம்மவர்கள், மசாய் மக்களின் ஊர்களைக் கண்ட வியப்பைச் சொல்லி ஓயமாட்டார்கள். கால்நடையே செல்வமாகவும் புல்வெளியே உயிராகவும் கொண்ட ஒரு மக்களைக் காண நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவில், நீலகிரி மலைமேல் தோடர்கள் வாழ்கின்றனர். மசாயர்க்குப் பசு எப்படியோ, தோடர்க்கு எருமை அப்படி.

சென்ற தை மாதத்தில் நான்கு குடும்பத்தார் ஒரு வேனில் புறப்பட்டோம். மைசூர், குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியே பயணம். பந்திப்பூர்க் காட்டுச் சாலையை இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை அடைத்து விடுகிறார்கள். செல்ல விரும்பும் அன்பர்கள் இதனை நினைவில் வைப்பது நலம். முதுமலை எல்லையில் பலகைகள் தமிழுக்கு மாறியதும், பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கலாயினர். பெற்றோர் முகத்தில் அப்போது தோன்றிய மலர்ச்சிக்கு மலைக்காற்று மட்டும் காரணம் அன்று.

தோடர் வாழும் சிற்றூருக்கு மந்து என்று பெயர். உதகமண்டலம் என்பதே 'ஒத்தக்கல் மந்து' என்பதன் திரிபு என்பர். நாங்கள் சென்ற மந்து நகரிலிருந்து சற்று விலகிய ஒரு சரிவில் உள்ளது. அங்கே பணியாற்றிய ஆசிரிய நண்பர் ஒருவர் முன்னரே ஊர்ப் பெரியவரிடம் இசைவு பெற்று வைத்திருந்தார். இசைவின்றிச் சென்று படம் எடுக்கும் வழக்கம் நம்மவரிடையே மிகுந்து வருகிறது. அது பிறர் வீட்டு முற்றத்தில் நுழைவதன்றி வேறென்ன?

ஊரில் பெரும்பாலும் ஓட்டு வீடுகளும் காங்கிரீட் வீடுகளுமே. பழைய முறை வீடு ஒன்றே ஒன்று நின்றது. பீப்பாயை நெடுக்கில் பிளந்து கவிழ்த்தாற் போன்ற வடிவம். மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டி மேலே புல் வேய்ந்திருக்கிறார்கள். இத்தகைய வீடு பத்தடி உயரமும் பதினெட்டடி நீளமும் ஒன்பதடி அகலமும் இருக்கும். வாயிலோ மூன்றடிதான். தவழ்ந்தே உள்ளே போக வேண்டும்.

"ஏன் ஐயா, வாயில் இவ்வளவு சிறிதாக இருக்கிறது?" என்று எங்களுள் ஒருவர் கேட்டார்.

"வெளியே புலி, உள்ளே குழந்தைகள். குளிர் வேறு" என்றார் பெரியவர்.

அவர் தோளில் பூத்துக்குளி என்னும் போர்வை கிடந்தது. வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூலோடிய பூவேலை. வரைந்து வைத்துக்கொண்டு தைப்பதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே பெண்கள் ஊசி போடுகின்றனர். இக்கலைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்க விரும்புவோர் தைத்தவர் கையிலிருந்தே வாங்குக.

வீட்டைப் பார்த்து முடித்தபின் கூரையைப் பற்றிக் கேட்டோம். அங்கேதான் பெரியவரின் பேச்சு நீண்டது. "இது சதுப்பிலே முளைக்கிற புல் அம்மா. என் தகப்பனார் காலத்தில் கூப்பிடு தூரத்தில் அறுத்தோம். இப்போது தேடிப் போக வேண்டும். ஒரு கூரை மாற்ற ஊரே கூடினாலும் புல் கூட வேண்டுமே!"

புல் எங்கே போயிற்று? 1820-களில் கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் இம்மலையில் குடியேறி, தோடரிடம் ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் நிலம் வாங்கினார் என்று வரலாறு கூறும். பின்பு தேயிலை வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் வந்தன. விறகுக்கும் தோல் பதனிடுவதற்கும் என்று நட்ட சீகை, தானே பரவிப் புல்வெளியை விழுங்கிற்று. ஊட்டிக்குச் செல்லும் நாம் பசுமை என்று போற்றுவதில் ஒரு பகுதி, எருமைக்கு உணவில்லாத பசுமை. மசாயர் கதையும் இதற்குத் தொலைவானதன்று. 1904-லும் 1911-லும் ஆங்கிலேயருடன் ஏற்பட்ட உடன்படிக்கைகளால் அவர்கள் தம் நல்ல மேய்ச்சல் நிலங்களை இழந்தனர். நீலகிரியில் இப்போது சில இடங்களில் சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் பணி நடைபெறுகிறது. அப்படி மீண்ட ஒரு சரிவைப் பெரியவர் விரல் நீட்டிக் காட்டினார். சிறிய சரிவுதான்.

1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தோடர் தொகை எண்ணூறு அளவே. இன்றும் சுமார் இரண்டாயிரம். அவர்கள் மொழி திராவிடக் குடும்பத்தது. தனி எழுத்து இல்லை. அமெரிக்கப் பேராசிரியர் எமனோ 1930-களில் இங்கு வந்து சேகரித்த பாடல்கள் 1971-இல் நூலாயின. பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் படிக்கும் மந்துப் பிள்ளைகள் வீட்டுக்குள் தோடமொழியே பேசுவதைக் கேட்டோம். "யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?" என்று எங்கள் குழுவில் ஒரு தாயார் ஆவலோடு வினவினார். இப்படியும் ஒரு கேள்வி உண்டா என்பது போல் பார்த்த பாட்டி, "யார் சொல்லித் தர வேணும்? நாங்கள் பேசுகிறோம்" என்றார். அந்தத் தாயார் பின்பு நெடுநேரம் பேசவில்லை.

மாலையில் எருமைகள் திரும்பின. பிறை நிலவு போல் அகன்று வளைந்த கொம்புகள், சாம்பல் நிறம். அவை ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. மந்துப் பையன் ஒருவன் பெயர் சொல்லி அழைக்க, அழைத்த எருமை மட்டும் தலை நிமிர்ந்தது. எங்கள் பிள்ளைகளும் அப்பெயரைச் சொல்லிப் பார்த்தனர். மூன்று விதமாய் நாவை உருட்டும் அம்மொழியின் ரகரம் அவர்களுக்கு வசப்படவில்லை. எருமை திரும்பியும் பாராமல் தொழுவத்துள் சென்றது. பையன் சிரித்துக்கொண்டே மறுபடியும், இம்முறை மெதுவாக, சொல்லிக் காட்டினான்.