பால் டீ நிறத்தில் எஞ்சின் ஆயில்

மணாலி பக்கம் டூர் போய் வந்தவர்களுக்கு அந்த வண்டியைத் தெரிந்திருக்கும். நாலு குண்டு டயர், பைக் மாதிரி ஹேண்டில்பார், குதிரை மேல் உட்கார்கிற மாதிரி காலை அகட்டி உட்காரணும். ஏ.டி.வி. என்பார்கள், குவாட் பைக் என்றும் சொல்வதுண்டு. சோலாங் பள்ளத்தாக்கில் காசு கொடுத்தால் ஒரு சுற்று விடுவார்கள். உங்க வீட்டுப் பையனும் அடம் பிடித்து ஏறியிருப்பான் :-)

நான் இதுவரை அதில் ஏறியதில்லை. ஆனால் அதுக்கு லோன் கொடுத்திருக்கிறேன்.

பி.காம். படித்த பேங்க்காரனுக்கு எஞ்சின் ஆயில் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் கையெழுத்துப் போட்ட ஒரு கணக்கு என்.பி.ஏ. வாசல் வரை போய் வந்ததுதான் தகுதி.

2022-இல் குல்லு மாவட்டத்தில் ஒரு கிளையில் இருந்தேன். இருபத்தேழு வயசுப் பையன், அப்பாவுக்குக் கொஞ்சம் ஆப்பிள் தோட்டம். இரண்டு ஏ.டி.வி. வாங்க முத்ரா லோன் கேட்டு வந்தான். நானும் விதிப்படி எல்லாம் பார்த்தேன். இன்வாய்ஸ் சரி, இன்ஷூரன்ஸ் சரி, வண்டியில் எங்க பேங்க் பெயர் எழுதியாச்சு, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் "குட் கண்டிஷன்" என்று எழுதியாச்சு. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் "ரிப்பேர் அண்டு மெயின்டனன்ஸ்" என்று ஒரு வரி இருந்தது. ஆடிட்டர் ஏதோ ஒரு சதவீதம் போட்டிருந்தார். அந்த வரியைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

2023 ஜூலையில் பியாஸ் நதி வெள்ளம் வந்து ரோடெல்லாம் போனதே, ஞாபகம் இருக்கா? சீசனே படுத்துவிட்டது. அப்போதும் பையன் எப்படியோ தவணை கட்டினான். ஆனால் 2024 ஜனவரி தவணை வரவில்லை. பிப்ரவரியும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. 90 நாள் தாண்டினால் கணக்கு என்.பி.ஏ., அதுவும் மார்ச் நெருங்குகிறது. பேங்கில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் புரியும்.

பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பிப் போனேன். வீட்டில் அவன் அம்மா டீ கொடுத்தார், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. தோட்டத்தில் ஒரு பகுதியை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. "மஷீன் கதம், சாப்" என்றான் பையன். என்னை மெக்கானிக் ஷெட்டுக்குக் கூட்டிப் போனான்.

அங்கே இருந்த மிஸ்திரிக்கு அறுபது வயசு இருக்கும். முதல் வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். நீலப் புகை. இரண்டாவது வண்டியில் ஆயில் பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். "இது என்ன நிறம், மேனேஜர் சாப்?"

சற்று முன் குடித்த டீயின் நிறம்! நுரை வேறு.

"ஆயிலில் தண்ணீர்" என்றார். ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் போயிருக்கலாமாம், அது ஒரு வழி. ஆனால் ஆற்றில் இறங்காத வண்டிக்கும் இது வரும் என்றார். எஞ்சினில் பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் பக்கம் வந்துவிடும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அது ஆவியாகி வெளியே போய்விடும். பனிக்காலத்தில் பத்து நிமிஷம் ஒரு சவாரி, பிறகு அரை மணி சும்மா நிறுத்தி வைப்பு, மறுபடி பத்து நிமிஷம் என்று ஓட்டினால் ஆயில் எப்போது சூடாகும்? தண்ணீர் அங்கேயே தங்கி ஆயிலோடு கலந்துவிடுகிறது.

போதாததற்கு உயரம். சோலாங் சுமார் 2,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட நாலில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் வண்டியை அதற்கேற்ப சரி செய்யாவிட்டால் காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகிவிடும். எரியாத பெட்ரோலும் கீழே இறங்கி ஆயிலை நீர்த்துப் போக வைக்கும்.

முதல் வண்டியின் கதை வேறு. ஏர் ஃபில்டரில் இருக்கும் பஞ்சைக் கழுவி, காயவைத்து, அதற்கென்று உள்ள எண்ணெயைத் தடவிப் போடணும். பையன் கழுவினான், எண்ணெய் தடவவில்லை. கோடைப் புழுதி உள்ளே போய் ரிங்கையும் சிலிண்டரையும் உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிட்டது.

பையன் ஒரே வாதம்தான் வைத்தான். "வண்டி 1,900 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, சாப். காருக்கு பத்தாயிரத்துக்கு ஒரு தடவைதானே ஆயில் மாற்றுகிறோம்?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மிஸ்திரி பேசாமல் மீட்டரில் இன்னொரு எண்ணைக் காட்டினார். 340. எஞ்சின் ஓடிய மணி நேரம்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஊருக்குள் சராசரி 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 340 மணியில் 10,200 கிலோமீட்டர் ஓடியிருக்கும். அதாவது காரின் கணக்கிலேயே கெடு முடிந்தாச்சு. காரில் மூன்று, நாலு லிட்டர் ஆயில். இதில் சுமார் இரண்டு லிட்டர்தான். அந்த இரண்டு லிட்டர்தான் மேட்டிலும் சேற்றிலும் முதல் கியரில் முக்கி முக்கி ஏறும் எஞ்சினைக் காப்பாற்றணும். இந்த ரக வண்டிகள் பலவற்றின் கையேட்டில் முதல் ஆயில் மாற்றம் 20, 25 மணியில், பிறகு 100 மணிக்கு ஒருமுறை என்று இருக்கும். புழுதி, சேறு, தண்ணீர், குளிரில் குட்டிச் சவாரி என்றால் இன்னும் சீக்கிரம். பையனுடைய வண்டிகளுக்கு இந்த நாலும் பொருந்தும். முதல் சர்வீசுக்குப் பிறகு ஒரு தடவைகூட மாற்றவில்லை.

எனக்கு அங்கேதான் சுருக்கென்றது. காஸ்ட் அக்கவுண்டன்சியில் மெஷின் அவர் ரேட் என்று ஒரு பாடம் படித்தோமே! எந்திரத்தின் செலவை ஓடும் மணிக்கணக்கில்தான் பார்க்கணும் என்று. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கின ஆசாமி நான். இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போன ஒவ்வொரு தடவையும் அந்த மீட்டருக்கு முன்னால் நின்றிருக்கிறேன். சேஸிஸ் நம்பரை எழுதினேன், அதை எழுதவில்லை.

முதல் வண்டி எஞ்சினுக்கு எஸ்டிமேட் 85,000 ரூபாய். ஆயிலும் ஃபில்டரும் ஒரு தடவை மாற்ற 2,500. ஆறு தடவை மாற்றியிருந்தாலும் 15,000தான்.

இரண்டாவது வண்டி பிழைத்துக்கொண்டது. பழைய ஆயிலை இறக்கி, புதுசு ஊற்றி, நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, மறுபடி இறக்கினார் மிஸ்திரி. மூன்றாவது தடவை கம்பியில் தேன் நிறம் வந்தது. அந்த ஒற்றை வண்டியை மார்ச் முழுக்க ஓட்டி, மார்ச் முடிவதற்குள் பாக்கி இரண்டு தவணையையும் கட்டினான். நான் எந்தச் சலுகையும் கொடுக்கவில்லை, கொடுக்க அதிகாரமும் இல்லை. ஜூனில் முதல் வண்டியும் ரெடி. தோட்டம் விற்கவில்லை.

இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் என் சொந்தக் காரின் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்பக்கம் வெண்ணெய் மாதிரி அப்பியிருந்தது. ஸ்கூலுக்கு இரண்டு கிலோமீட்டர், ஆபீசுக்கு மூன்று, அவ்வளவுதான் அதன் ஓட்டம். ஊருக்குச் சொல்லும் உபதேசம், நமக்கல்ல போல!

குளிர் ஊர்களில் இருக்கும் நம்ம ஆட்களே, வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் வண்டியை நன்றாகச் சூடேற ஓட்டுங்கள். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருஷம் ஒரு தடவை ஆயிலை மாற்றிவிடுங்கள். சமதளத்தில் நிறுத்தி அளவைப் பாருங்கள். அதிகமாக ஊற்றினாலும் நுரைத்து வம்பு. கிளட்ச் ஆயிலில் நனைந்திருக்கும் பைக்குக்கு டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

அதற்கப்புறம் எனக்கு சண்டிகருக்கு மாற்றலாகிவிட்டது. பையன் மாதம் ஒரு தடவை வாட்ஸப்பில் மீட்டர் போட்டோ அனுப்புகிறான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான் அனுப்புகிறான். நேற்று வந்த போட்டோவில் மணிக்கணக்கோடு ஆயில் கம்பியும் இருந்தது. தேன் நிறம்தான்.