நாலு நூல்

இஞ்சின் என்றதும் நம் நண்பர்கள் பிஸ்டனைப் பற்றிப் பேசுவார்கள், இன்ஜெக்டரைப் பற்றிப் பேசுவார்கள். ஃபேன் பெல்ட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது அறுந்துபோகிற அன்றைக்குத்தான் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வருகிறது. அந்தப் பெல்ட்டைப் பற்றி இந்த மலரில் நாலு வார்த்தை எழுதலாம் என்று ஆசைப்படுகிறேன்.

நம் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஒரு பழைய ஃபார்கோ லாரியின் முன்பாதி நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதிலிருப்பது பெர்க்கின்ஸ் பி-6 டீசல் இஞ்சின். ஆறு சிலிண்டர். இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரத்தில் பிறந்த வகை. பிற்பாடு நம் மதராஸில், செம்பியத்தில், சிம்சன் கம்பெனி அதைத் தயாரித்தது. என் அப்பாவுக்கும் வயதில் மூத்த இஞ்சின்! மூன்றாம் ஆண்டு புராஜெக்டாக அதை ஓட வைப்பது என்று ஆறு பேர் சேர்ந்தோம். பம்ப், நாசில், வால்வு என்று மற்றவர்கள் பிரித்துக்கொண்டார்கள். எனக்கு வந்தது முன்பக்கம்: பெல்ட், புல்லி, விசிறி. "லேசான வேலையா பாத்துப் புடிச்சுட்டான்டா" என்று கிண்டல் வேறு.

எனக்கு அது லேசான வேலை இல்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா பதினைந்து வயதில் லாரிக்குக் கிளீனராகப் போனவர். 1993-ல் சேலத்திலிருந்து பெங்களூருக்குச் சரக்கு ஏற்றிப் போகும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. பெல்ட் வழுக்குகிறது என்று டிரைவர் மூன்று நாளாக முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். "இந்த நடை போயிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்பது பதில். ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொன்னார்கள், பையன் திறந்தான். அப்பாவின் வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இன்றைக்கும் தோல் சுருங்கிக் கிடக்கிறது. அதனால்தான் முன்பக்க வேலையை நானே கேட்டு வாங்கினேன்.

முதலில் பெல்ட். அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலே அகலம், கீழே குறுகல். புல்லியின் காடியும் அப்படியே. பெல்ட் காடியின் அடியில் உட்கார்ந்து பிடிப்பதில்லை. இரண்டு பக்கச் சுவர்களிலும் ஆப்பு மாதிரி இறுகித்தான் பிடிக்கிறது. காடியின் கோணம் 38 டிகிரி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அதே உராய்வில் தட்டைப் பெல்ட்டைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு பிடி கிடைக்கிறது. பக்கம் தேய்ந்து, பெல்ட் கீழே இறங்கி அடியைத் தொட்டுவிட்டால் ஆப்பு வேலை செய்யாது. பிறகு எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் வழுக்கும்.

இரண்டாவது நேர்கோடு. எங்கள் இஞ்சினில் கிராங்க், விசிறி, டைனமோ என்று மூன்று புல்லிகள். மூன்று காடிகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். புல்லிகளின் விளிம்புத் தடிமன் ஒன்றாக இல்லாததால் காடியின் நடுவிலிருந்து அளந்து நூல் பிடித்தேன். டைனமோ 3 மி.மீ. பின்தங்கி நின்றது. பிராக்கெட்டுக்கும் டைனமோ காதுக்கும் நடுவே வாஷர் கொடுத்து நேராக்கினேன். கோணலாக ஓடுகிற பெல்ட் ஒரு பக்கமாகத் தேயும், பிரண்டும் போகும்.

மூன்றாவது இறுக்கம். பெல்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றக் கூடாது, உள்ளே இருக்கிற கயிறு அறுந்துவிடும். டைனமோவைத் தளர்த்தி, உள்ளே தள்ளி, கையால் மாட்ட வேண்டும். பிறகு டைனமோவை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, காடி வெட்டிய பட்டையின் போல்ட்டை முதலில் முடுக்கி, அப்புறம் கீழ் போல்ட்டுகளை முடுக்க வேண்டும். நீளமான பகுதியின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் 12 மி.மீ. இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் வழுக்கும், இறங்காமல் விறைத்து நின்றால் பேரிங்குகள் போகும். புதுப் பெல்ட் என்றால் அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தி, மறுபடி பார்க்க வேண்டும். அது கொஞ்சம் நீண்டு உட்காரும்.

கடைசியாக விசிறி. கிராங்க் புல்லி 180 மி.மீ., விசிறிப் புல்லி 150 மி.மீ. என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இஞ்சின் 1500 சுற்று ஓடினால் விசிறி 1800 சுற்று. பெல்ட் வழுக்கி விசிறியின் சுற்று பாதியானால் காற்றும் பாதியாகிவிடும். மேட்டில் வண்டி மெதுவாகப் போகும்போது எதிர்க்காற்று கிடையாது. விசிறி இழுக்கிற காற்றுதான் கதி. தொப்பூரில் நடந்தது இதுதான்.

விசிறியைத் திருப்பி மாட்டினால் காற்றும் எதிர்ப்பக்கம் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. நட்டை எந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டாலும் மரை மாறுவதில்லை அல்லவா, அதுபோலத்தான். ஆனால் இறக்கையின் வளைவு தப்பான பக்கம் வந்துவிடுவதால் காற்று குறைந்துபோகும். ஓடும்போது ரேடியேட்டரின் முன்னால் ஒரு காகிதத்தைக் காட்டினால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். விரிசல் விட்ட இறக்கையை ஒட்டுப் போட்டு மாட்டவே கூடாது. விசிறி சுற்றும்போது அதற்கு நேர்ப் பக்கவாட்டில் யாரும் நிற்கவும் கூடாது.

2025 பிப்ரவரியில் எல்லாம் மாட்டி முடித்த சமயம், ஹாஸ்டல் பணம் கட்ட அப்பா வந்திருந்தார். கொட்டகை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். "உள்ள வாங்க, இது ஒர்க்‌ஷாப்புதானுங்களே" என்று எங்கள் இன்ஸ்ட்ரக்டர் சார் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். இஞ்சினைப் பார்த்தார். அந்தச் சுருங்கிய கையை நீட்டி, கட்டை விரலால் பெல்ட்டை ஒரு அமுக்கு அமுக்கினார்.

"நாலு நூல் எறங்குது சாமி. சரியா இருக்குது."

ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். நாலு நூல் என்றால் அரை அங்குலம். என் ரெக்கார்டு நோட்டில் இருந்த 12 மி.மீ.யும் அதுதான்! ஸ்கேல் இல்லாமல் சொல்லிவிட்டார். கழற்றிப் போட்டிருந்த பழைய பெல்ட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "அடி பளபளன்னு ஆனா வீசிடுவோம். ஏன்னு யாரும் சொன்னதில்ல, நாங்களும் கேட்டதில்ல" என்றார்.

நான் சாக்பீஸ் எடுத்துத் தரையில் காடியை வரைந்து, ஆப்பு எப்படிப் பிடிக்கிறது, அடியைத் தொட்டால் ஏன் விடுகிறது என்று காட்டினேன். குத்த வைத்து உட்கார்ந்து கடைசி வரை கேட்டார். "அப்ப அன்னிக்கி அந்த பெல்ட்ட இழுத்துக் கட்டியிருந்தாலும் நின்னிருக்காதா?" என்று கேட்டார். அடி தொட்டிருந்தால் நின்றிருக்காது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்றேன். முப்பத்திரண்டு வருஷத்துக் கேள்வி போலிருக்கிறது. தலையை ஆட்டிக்கொண்டார். இஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி சார் அவரைத்தான் ஏற்றி உட்கார வைத்தார். நாற்பது நிமிடம் ஓடியது, கொதிக்கவில்லை.

எத்தனை நூல் என்பது அப்பாவின் விரலுக்குத் தெரியும். ஏன் என்பதற்குத்தான் அவர் என்னை இங்கே அனுப்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அதனால் தம்பி தங்கைகளே, ஷாப்பில் எந்த இஞ்சினைத் தொட்டாலும், நிறுத்தியிருக்கும்போது பெல்ட்டை ஒரு முறை அமுக்கிப் பாருங்கள், அடியைத் திருப்பிப் பாருங்கள். நாளைக்கு உங்களில் ஒருவர் சூப்பர்வைசராக உட்காரும்போது, பெல்ட் வழுக்குகிறது என்று ஒரு கிளீனர் பையன் வந்து சொன்னால், "அடுத்த நடைக்குப் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.