எட்டு றப்பர் வளையங்கள்

கையால் செய்வது தொழில், தலையால் செய்வது கல்வி என்னும் பிரிவினை நம் சமுதாயத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. சாதியும் வர்க்கமும் சேர்ந்து வளர்த்த இந்தப் பிரிவினையைத் தகர்க்க வேண்டிய பாடசாலையே அதற்குக் காவலும் நிற்கிறது. மேடைகளில் இதைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். ஆனால் இதன் முழுப் பொருளையும் எனக்கு உணர்த்தியது, பாலையூற்றில் ஒரு வீட்டு முற்றத்தில் மேல்மூடி கழற்றப்பட்டு நின்ற பழைய கார் எஞ்சின்தான்.

கார் என் அயலவருடையது. 1980களில் ஜப்பானில் செய்யப்பட்டது. அதை வாடகைக்கு ஓட்டியே அவருடைய குடும்பம் வாழ்கிறது. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. புதியதை வாங்க இயலாதவனுக்கு இருப்பதைக் காப்பாற்றுவதைவிட வேறு வழி ஏது?

அந்தக் கார் காலையில் இயக்கியதும் நீலப் புகை கக்கும். சிறிது நேரத்தில் அடங்கிவிடும். எஞ்சினை இறக்கி முழுவதும் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு கராஜில் சொன்னார்கள். அவர்கள் கேட்ட தொகை அயலவரின் பல மாத வருமானம்.

அவ்வேளையில் வந்து சேர்ந்தான் என் பழைய மாணவன். க.பொ.த. சாதாரண தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் சித்தியடையாமல் வெளியேறியவன். இப்போது நாட்கூலிக்கு மெக்கானிக் வேலை செய்கிறான். ஒவ்வொரு சிலிண்டராக அளந்து பார்த்தான்.

“நாலிலயும் கொம்பிரசன் சரியா இருக்கு, சேர். றிங் போகல்ல. வால்வு சீல்தான் காஞ்சு போச்சு.”

வால்வுத் தண்டுகள் எண்ணெயில் நனைந்தபடி இயங்குகின்றன. அந்த எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்காதபடி ஒவ்வொரு தண்டையும் ஒரு சிறு றப்பர் வளையம் பற்றியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் கிடந்து இறுகினால் அதன் பிடி தளர்கிறது. இரவில் கசிந்த எண்ணெய் காலையில் எரிந்து புகையாகிறது. ஓடும் கார் வேகம் குறையும்போதோ உள்ளெடுப்புக் குழாயில் அமுக்கம் தாழ, வளிமண்டல அமுக்கம் எண்ணெயை உள்ளே தள்ளுகிறது. பரீட்சைத் தாளில் எழுத இயலாத அந்த அமுக்கத்தை அவன் புகையின் நிறத்திலும் நேரத்திலும் படித்துவிட்டான்!

ஒரு சனிக்கிழமை முற்றத்திலேயே வேலை நடந்தது. வால்வின் சுருள்வில்லைக் கழற்றினால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும். கராஜ்களில் காற்றை அழுத்திச் செலுத்தி அதைத் தாங்குவார்கள். இங்கே அந்த இயந்திரம் இல்லை. அவன் மீனவர்களின் நைலோன் கயிற்றை எடுத்தான். பிளக் துவாரத்தின் வழியே உள்ளே செலுத்தி, ஒரு முனையை வெளியே விட்டு, எஞ்சினைக் கையால் சுழற்றிப் பிஸ்டனை உயர்த்தினான். கயிற்றுச் சுருள் மெத்தைபோல் வால்வுகளைத் தாங்கி நின்றது.

எண்ணெய் வடியும் துளைகளைத் துணியால் அடைத்தான். வில்லை அமுக்கி, அரைக்கூம்பு வடிவான இரண்டு பூட்டுத் துண்டுகளையும் காந்தத்தால் எடுத்து நான் நீட்டிய சிரட்டையில் இட்டான். பழைய சீல் குறட்டின் பிடியில் நொறுங்கிற்று. தண்டின் காடி புதிய சீலின் உதட்டை வெட்டாதபடி மெல்லிய பிளாஸ்டிக் உறையிட்டு, எண்ணெய் தடவி இறக்கினான். முதலாம், நான்காம் பிஸ்டன்கள் ஒன்றாக ஏறும். இரண்டாம், மூன்றாம் பிஸ்டன்கள் ஒன்றாக ஏறும். ஆகவே நான்கு வால்வுகள் முடிந்ததும் கயிற்றை உருவிவிட்டு எஞ்சினை அரைச்சுற்றுத் திருப்பி மற்ற நான்கையும் தொடங்கினான். மாலைக்குள் எட்டும் முடிந்தன. சில நாட்களில் புகை நின்றது.

“மாஸ்ரர், இவனையா படிப்பு வராது எண்டு அனுப்பினீங்க?” என்று கேட்டார் அயலவர்.

இக்கேள்வி நம் கல்விமுறை முழுவதையும் நோக்கியது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. 1977இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின் அவை கைவிடப்பட்டன. சாதாரண தரப் பெறுபேற்றைத் தடையாக்காமல் தொழிற்பாடங்களைத் தரும் பதின்மூன்று ஆண்டுக் கல்வித் திட்டம் 2017இல் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொடங்கியது. ஆயினும், தொழிற்பாடம் தோற்றவர்களுக்கு உரியது என்ற எண்ணம் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் இன்னும் மாறவில்லை.

அந்த வளையம் ஒன்றை வகுப்பறை மேசையில் வைத்துப் பாருங்கள். பௌதிக ஆசிரியர் அதிலிருந்து அமுக்கத்தைக் கற்பிக்கலாம். நம் மரத்துப் பாலில் செய்த றப்பர் கனிய எண்ணெயில் ஊதிக் கெடும். ஆகவே இதற்குச் செயற்கை றப்பர் தேவை என்பதை இரசாயன ஆசிரியர் விளக்கலாம். 1952இல் சீனத்துக்கு றப்பர் கொடுத்து அரிசி வாங்கிய நாடு, இச்சிறு வளையத்துக்கு ஏன் கப்பலை எதிர்பார்த்திருக்கிறது என்று சரித்திர ஆசிரியர் கேட்கலாம்.

அந்த மாணவனுக்கு அறிவு இருக்கிறது, சான்றிதழ்தான் இல்லை. அதனால் அவன் கூலி குறைகிறது. அனுபவத்தால் பெற்ற திறமையைச் சோதித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு நம் நாட்டில் உண்டு. விண்ணப்பத்தை நிரப்பவும், செய்வதைச் சொல்லில் விளக்கவும் அவனுக்கு ஒரு துணை வேண்டும். மொழி கற்பிக்கும் நமக்கு அது இயலாத காரியமா? உழைப்பைப் போற்றும் பாடல்களுக்குப் பதவுரை சொல்வதோடு நம் கடமை முடிவதில்லை. நம் வகுப்புகளிலிருந்து வெளியேறியவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் அறிந்ததை நாடு ஏற்கும்படி செய்வதும் ஆசிரியத் தொழிலேயாகும்.