அப்பா சொன்னதும் சரிதான்!

அப்பா எலெக்ட்ரீஷியன். ‘பிளாஸ்டிக்ல கரன்ட் பாயாதும்மா’ என்று சொல்லித்தான் வளர்த்தார். அதை அப்படியே ஒரு செய்தியில் எழுதிவிட்டேன். வேதியியல் ஆசிரியை ஒருவர் தவறு என்று மெயில் அனுப்ப, தேடிப் படித்தேன்.

ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் பாலிஅசிட்டிலீனில் அயோடினைச் சேர்த்து, 1977-ல் ஷிராகாவா, மெக்டயர்மிட், ஹீகர் மின்சாரம் பாயவைத்தார்கள். 2000-ல் நோபல் கிடைத்தது. ஆனால், அந்த பிளாஸ்டிக் எதிலும் கரையாது. மைபோலப் பூச முடியாது. பிறகு, பாலிதயோஃபீனின் பக்கவாட்டில் கார்பன் சங்கிலிகளை இணைத்தார்கள். அந்தச் சங்கிலிகள் மின்சாரம் கடத்தாது. ஆனால், அவற்றால்தான் அது குளோரோஃபார்மில் கரைகிறது.

வேலைக்குச் சேர்ந்து நான் போட்ட முதல் திருத்தம் அது. கூச்சத்தோடு அப்பாவிடம் சொன்னேன்.

“தப்பைத் திருத்திட்டேல்ல, போதும். அதுக்காக வீட்டு ஒயரைத் தொட்டுப் பார்க்காதே!”