டாலர் பார்ட்டி

வெள்ளைத்தோலைக் கண்டாலே அமெரிக்கா, டாலர் பார்ட்டி என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். நேற்று திருப்பரங்குன்றம் சன்னதித் தெருவில் பூக்கார அம்மா ஓர் அமெரிக்கப் பெண்ணிடம் ஒரு முழம் மல்லிகைக்கு மூன்று மடங்கு விலை சொன்னார். "அக்கா, பக்கத்துல இருவதுதான சொன்னாங்க?" என்று தமிழிலேயே கேட்டார் அந்தப் பெண். அம்மா சிரித்துவிட்டார். முழங்கையைத் தாண்டி நாலு விரல் கூடுதலாகவே அளந்து கொடுத்தார்.

அமெரிக்கர்கள் என்றால் கணக்குப் பார்க்க மாட்டார்கள், சத்தமாகப் பேசுவார்கள், நம் மொழி வராது, ரெண்டு நாளில் கிளம்பிவிடுவார்கள். இதெல்லாம் நமக்கு மனப்பாடம். வேறு ஊர்க்காரர்கள் சொன்னால்கூடப் பரவாயில்லை, மதுரைக்காரர்கள் நாம் சொல்லலாமா? கூப்பிடு தூரத்தில் இருக்கும் பசுமலையில்தான் 1881-ல் அமெரிக்க மிஷனரி வாஷ்பர்ன் அமெரிக்கன் கல்லூரியைத் தொடங்கினார். அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்ததோ 1834-லேயே. மதம் பரப்பத்தான் வந்தார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தமிழ் படித்தார்கள், வருஷக்கணக்கில் இங்கேயே கிடந்து உழைத்தார்கள். 1948-ல் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கிய கேட்டி வில்காக்ஸும் அமெரிக்கர்தான். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான என் அத்தை படித்தது அங்கேதான்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளை 'கால் சென்டரா?' என்று யாராவது கேட்டால் நமக்கு எப்படி எரிகிறது! அவர்களுக்கும் அப்படித்தானே இருக்கும்?

கோயில் பக்கம் ஆட்டோ ஓட்டும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு யார் போனாலும் ஒரே காசு என்று ஒரு போர்டு எழுதி வையுங்கள். எழுதுகிற செலவை நான் தருகிறேன்.