ஒன்பது மணி ஊசி

இரவு மணி ஒன்பதை நெருங்க நெருங்க எனக்கு உள்ளங்கை வேர்க்கும். ஐவிஎஃப் சிகிச்சையில் மாதவிலக்கான இரண்டாம் நாளிலிருந்து பத்து, பன்னிரண்டு நாள், தினமும் ஒரே நேரத்தில் ஹார்மோன் ஊசி. வீட்டில், நானே, என் வயிற்றில். பிறர் போட்டால் கண்ணை மூடிக்கொள்ளலாம். நானே போடும்போது பார்த்துத்தானே ஆக வேண்டும்?

சொல்லிக்கொடுத்த நர்ஸ் என் கை நடுங்குவதைப் பார்த்து, "இதுக்கே இப்படின்னா பிரசவ வலியை எப்படிம்மா தாங்குவீங்க?" என்றார். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அதற்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்காக உண்மையிலேயே ஏங்குகிறவளுக்குக் கை நடுங்குமா?

முதல் நாள். பொடி இருக்கும் குப்பியில் திரவத்தை விட்டேன். குலுக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கரைத்தேன். தடித்த ஊசியால் உறிஞ்சி, மெல்லிய ஊசியை மாட்டி, காற்றுக்குமிழைத் தட்டி மேலேற்றினேன். அதுவரை எல்லாம் சரி. தொப்புளுக்கு இரண்டு அங்குலம் தள்ளித் தோலைக் கிள்ளிப் பிடித்ததும் நெஞ்சு படபடத்தது. அடுத்த நொடி காது அடைத்து, கண் இருட்டி, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று கணவர்தான் போட்டுவிட்டார். மறுநாள் அவருக்கு நைட் ஷிஃப்ட்.

காலையில் டாக்டரம்மாவை போனில் கேட்டேன். பொதுவாகப் பயந்தால் ரத்த அழுத்தம் ஏறும். ரத்தம், ஊசி என்றால் மட்டும் சிலருக்கு ஏறிய அழுத்தமும் நாடித்துடிப்பும் சட்டென்று இறங்கிவிடும், அதனால்தான் மயக்கம் என்றார். மனசைத் தளர்த்திக்கொள் என்று எல்லோரும் சொன்ன யோசனை எனக்கு ஏன் பலிக்கவில்லை என்று அப்போது புரிந்தது. தசையை இறுக்க வேண்டுமாம். லார்ஸ் ஓஸ்ட் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் 1980களில் உருவாக்கிய முறை அது. கை, தொடைத் தசைகளை 10, 15 விநாடி, முகத்தில் சூடேறும்வரை இறுக்கிப் பிடித்துவிட்டு விட வேண்டும். அரை நிமிடம் கழித்து மறுபடியும். இப்படி ஐந்து முறை. அப்புறம் வயிற்றைத் தளரவிட்டு ஊசி. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா!

அத்தையிடம் சிகிச்சை பற்றிச் சொல்லவில்லை. மருந்தை ஃப்ரிட்ஜில் தோசைமாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதே ஃப்ரிட்ஜில்தான் அவருடைய இன்சுலினும் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இரண்டாம் நாள் இரவு நான் தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கதவைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"ஃப்ரிட்ஜுல பாத்தேன் கண்ணு. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்தார். "ஸ்பிரிட்டு காயட்டும், ஈரத்தோட குத்துனாத்தான் எரியும். மருந்து சில்லுனு இருந்தாலும் வலிக்கும், சித்த நேரம் வெளிய வெச்சிரு. ஊசியப் பாக்காத, தோலப் பாரு. குத்தறப்ப தயங்காத, சுருக்குனு உட்டுரு. மருந்தத்தான் மெல்லத் தள்ளணும்."

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா அத்தை?"

"மொத ஒரு மாசம் அழுதுட்டேதான் போட்டேன். உங்க மாமாவுக்கே தெரியாது."

பதினோரு வருடமாக இரண்டு வேளையும் அவர் சமையலறையில் திரும்பி நின்று போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் கேட்டதில்லை.

போட்டேன். நினைத்து நடுங்கியதில் பத்தில் ஒரு பங்கு வலிகூட இல்லை. ஆனால் ஏழாம் நாளும் உள்ளங்கை வேர்க்கத்தான் செய்தது. கை மட்டும் தன் வேலையை வரிசையாகச் செய்யப் பழகிவிட்டது.

எனக்கு எழுதிக்கொடுத்த எச்எம்ஜி மருந்து, மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுப்பது. 1950களில் இத்தாலியில் வயதான கன்னியாஸ்திரிகளிடமிருந்து சேகரித்துத்தான் அதைத் தயாரித்தார்கள். அத்தையிடம் இதைச் சொன்னேன். அந்தச் சின்னக் குப்பியை ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பெறாதவங்க குடுத்ததா" என்று மட்டும் கேட்டார்.

கடைசி ஊசிக்கு நிமிடக் கணக்கு உண்டு, முட்டை எடுப்பதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்பு. எனக்குக் குறித்துக் கொடுத்தது இரவு பத்தே முக்கால். எட்டு மணிக்கே படுத்துவிடும் அத்தை, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி என் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

போட்டு முடித்த ஊசிகளையெல்லாம் அவருடைய பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான் சேர்த்தேன். அவருடைய சிவப்பு மூடி ஊசிகளோடு என்னுடையவையும் கலந்து கிடந்தன. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தபோது பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது.